நெடுங்கொம்பு வண்டு: மரத்தை மண்ணாக்கும் தொழிலாளி

மாலை மழை விட்டபின் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் குளிர் இறங்குகிறது. தேயிலைச் சரிவின் மேல் விளிம்பில் காடு கறுத்து நிற்கிறது. தோட்டக் குடியிருப்பின் விளக்குக் கம்பத்தை விட்டில்கள் சுற்றிவரும் அவ்வேளையில், கனத்த பூச்சியொன்று விளக்கில் மோதித் தரையில் விழுகிறது. விரல் நீளமுள்ள உடல். அவ்வுடலைக் காட்டிலும் நீண்டு பின்னோக்கி வளைந்த இரு கொம்புகள். சிறுவன் ஒருவன் அதைக் கையில் எடுத்தால் "கிறீச், கிறீச்" என்று ஒலியெழுப்பும்.

அதன் காலில் நூல் கட்டி விளையாடுவோர் உண்டு. உலர்த்திக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்போரிடம் கொடுத்துச் சில்லறை பெறுவோரும் உண்டு. "மரத்தை அரிக்கும் சனியன்" என்று செருப்பால் நசுக்குவோரும் உண்டு. விளையாட்டுப் பொருள், விலைப் பொருள், பகைப் பொருள் என்னும் இம்மூன்றனுள் எது சரி? அவ்வண்டின் வரலாற்றை அறிந்தால், மூன்றுமே சரியன்று என்பது விளங்கும். மலைநாட்டுப் பள்ளிகளில் இயற்கைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அதைக் கேட்கும் மாணவ மணிகளுக்கும் பயன்படும் வரலாறு அது.

வண்டும் வண்டும்

தமிழில் "வண்டு" என்னும் சொல் பரந்த பொருளுடையது. பழந்தமிழ்ச் செய்யுட்களில் மலர்தோறும் சென்று தேன் நுகரும் வண்டும், தும்பியும், சுரும்பும், ஞிமிறும் பெரும்பாலும் தேனீக்களின் சுற்றத்தைச் சேர்ந்தவை. வீட்டு உத்தரத்தைத் துளைக்கும் கருவண்டும் அச்சுற்றத்ததே. அது மரத்தைத் தின்பதில்லை. தன் குஞ்சுகளுக்கு அறை அமைப்பதற்காகக் குடைந்து, மரத்தூளை வெளியே தள்ளிவிடுகிறது.

இங்குக் கூறப்படும் வண்டு வேறோர் இனம். இதன் முன்னிறகுகள் இரண்டும் ஓடுபோல் கெட்டிப்பட்டு, மெல்லிய பின்னிறகுகளை மூடிக் காக்கின்றன. ஓட்டுச் சிறகுடைய இத்தகைய வண்டுகளில் இதுவரை ஏறத்தாழ 4 இலட்சம் வகைகளுக்கு அறிஞர்கள் பெயரிட்டுள்ளனர். அவற்றுள் நெடுங்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை மட்டும் 35,000க்கு மேற்பட்டவை. அறிவியலார் இக்குடும்பத்தைச் "செராம்பிசிடே" என்பர்.

அப்பெயருக்குப் பின்னால் ஒரு கிரேக்கப் பழங்கதை உண்டு. கெராம்போஸ் என்னும் இடையன் இசையில் வல்லவன். செருக்கால் வன தேவதைகளைப் பழித்தான். அவர்கள் சினந்து, அவனை மரம் தின்னும் கொம்பு வண்டாக மாற்றிவிட்டனர். கொம்புகளோடு கூடிய அதன் தலை, ஆமையோட்டால் செய்த பழைய யாழைப் போன்றிருக்கும் என்றும், சிறுவர்கள் அதை வைத்து விளையாடினர் என்றும் அக்கதை கூறுகிறது. விளக்குக் கம்பத்தடியில் நூலுடன் நிற்கும் சிறுவனின் விளையாட்டு மிகப் பழையது போலும்!

கொம்பும் குரலும்

கொம்பு என்று வழங்கினாலும், அது மாட்டின் கொம்பு போல முட்டுவதற்கு உரியதன்று, அது உணர்கொம்பு. பல கணுக்களால் ஆன அதன் வழியாகவே வண்டு மணத்தை அறிகிறது. சாய்ந்த மரத்தின் பட்டையிலிருந்து கசியும் சாற்றின் மணத்தையும், தன் துணையின் மணத்தையும் இருட்டிலும் அதனால் உணர முடியும். பெரும்பாலான வகைகளில் ஆணின் கொம்பு பெண்ணின் கொம்பைவிட நீளமானது.

கையில் எடுக்கும்போது எழும் ஒலி தொண்டையிலிருந்து வருவதன்று. மார்பின் முற்பகுதியை அதற்கடுத்த பகுதியின் மீதுள்ள நுண்ணிய வரிகளில் உரசுவதால் அவ்வொலி பிறக்கிறது. சீப்பின் பற்களில் நகத்தை இழுப்பது போன்றது இச்செயல். தன்னைப் பற்றிய பகையை திடுக்கிடச் செய்து விடுவிப்பதே இதன் நோக்கம் எனலாம்.

கீழ்த்திசை நாடுகளில் நன்கு அறியப்பட்டது "பட்டோசெரா" என்னும் பேரினம். அதில் ஒரு வகை, மாமரத்தின் தண்டைத் துளைப்பதால் தமிழ்நாட்டு உழவர்க்கும் அறிமுகமானது. இந்தியா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் அது வாழ்கிறது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம்; கழுத்துப் பகுதியில் சிறுநீரக வடிவில் இரு செம்மஞ்சள் புள்ளிகள்; ஓட்டுச் சிறகின்மேல் சிதறிய பொட்டுகள்; ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் உடல். மா, பலா, அத்தி, இரப்பர் ஆகிய பல மரங்களில் அது முட்டையிடும்.

இருளில் ஓராண்டு

இவ்வண்டின் வாழ்வில் பெரும்பகுதி மனிதர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாய் வண்டு தன் வலிய தாடையால் பட்டையில் சிறு கீறல் இட்டு, அதனுள் ஒரு முட்டையை வைக்கும். பின் வேறோர் இடத்திற்குச் சென்று மறுபடியும் கீறும். சில நாட்களில் முட்டையிலிருந்து புழு வெளிவரும்.

வெண்ணெய் நிறமுள்ள இப்புழுவிற்குக் கால்கள் இல்லை. அல்லது இருந்தும் பயனில்லாத அளவுக்குச் சிறியவை. தலைப்பக்கம் அகன்றிருக்கும். உடலின் வளையங்களில் உள்ள தடிப்புகளைச் சுரங்கத்தின் சுவரில் மாறிமாறி ஊன்றி அது நகர்கிறது. முதலில் பட்டைக்குக் கீழுள்ள சத்துமிக்க மென்பகுதியை உண்ணும். பின்னர் மரத்தின் உட்பகுதிக்குள் இறங்கும். பட்டோசெராப் புழு பத்துச் சென்டிமீட்டர் நீளம் வரை வளரக்கூடியது. வளர வளர அதன் சுரங்கமும் அகலும். சாய்ந்த மரத்தின் அடியில் நார்நாராகக் கொட்டிக் கிடக்கும் மரத்தூள், உள்ளே வேலை நடப்பதற்கு அடையாளம்.

ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறு கழியும். முழு வளர்ச்சி பெற்ற புழு, சுரங்கத்தின் முடிவில் ஓர் அறை அமைத்துக் கூட்டுப்புழுவாக மாறும். அந்த அறையில்தான் கொம்பும் சிறகும் உருவாகின்றன. பின்னர், விரல் நுழையும் அளவுக்கு வட்டமான துளையிட்டு வண்டு வெளியேறும். விளக்கில் வந்து மோதும் வண்டு, இருளில் இத்துணை நெடுங்காலம் உழைத்தபின் வெளியுலகைக் காண வந்தது. மீதமுள்ள சில வாரங்களிலோ திங்களிலோ அது துணை தேடி, முட்டையிட்டு, மடிந்துவிடும்.

எல்லா வகைகளுக்கும் ஓராண்டுக் கணக்குப் பொருந்தாது. உலர்ந்த மரத்தில் சத்துக் குறைவு. ஆதலால் புழுவின் வளர்ச்சியும் மிகத் தாமதமாகும். வட அமெரிக்காவில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையான புத்தக அலமாரி ஒன்றிலிருந்து நெடுங்கொம்பு வண்டு வெளிவந்ததாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவாகியுள்ளது. தச்சன் அலமாரி செய்யும்போதே புழு பலகைக்குள் இருந்தது என்பது அறிஞர் கருத்து.

மரம் எவ்வாறு உணவாகிறது?

பசுவுக்குப் புல் செரிக்கிறது, மனிதனுக்குச் செரிப்பதில்லை. புல்லைவிடக் கடினமான மரம் ஒரு புழுவுக்கு எவ்வாறு செரிக்கிறது? மரத்தின் சுவர்கள் செல்லுலோசு என்னும் மாவியற் பொருளால் ஆனவை. அந்தச் செல்லுலோசைச் சுற்றி லிக்னின் என்னும் பொருள் காரைபோல் இறுகிப் பிடித்துள்ளது. இவ்விரண்டையும் பிரிப்பது எளிய செயலன்று. அன்றியும், உடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரசன் சத்து மரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் புழு ஓயாமல் தின்றும் மெதுவாகவே வளர்கிறது.

இப்புழுவின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செரிமானத்திற்குத் துணைபுரிகின்றன என்பது முன்பே தெரிந்த செய்தி. 2016ஆம் ஆண்டில், ஆசிய நெடுங்கொம்பு வண்டு ஒன்றின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. மரத்தைக் கரைக்கும் நொதிகள் பலவற்றை அவ்வண்டு தானே உண்டாக்கிக்கொள்ள வல்லது என்பது அதனால் தெளிவாயிற்று. அந்நொதிகளுக்குரிய மரபணுக்களுள் சில, தொன்மைக் காலத்தில் பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றிடமிருந்து இவ்வினத்திற்கு வந்து சேர்ந்தவை. கடன் வாங்கிய கருவியைக்கொண்டு தொழில் நடத்தும் தச்சனைப் போன்றது இப்புழு!

வெட்டிய மரமும் வாலசும்

இவ்வண்டுக்கும் மனிதன் வெட்டிச் சாய்க்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் விரிவாகக் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் ஆல்பிரட் ரசல் வாலசு. 1855ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் சரவாக்கிலுள்ள சிமுஞ்சான் என்னும் இடத்தை அடைந்தார். அங்கு நிலக்கரிச் சுரங்கத்திற்காகக் காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. வெட்டுண்ட மரங்களும், அவற்றின்மேல் விழுந்த வெயிலும் வண்டுகளைக் கூட்டங் கூட்டமாக அழைத்தன. காட்டில் வேலை செய்த தயாக்கு மக்களும் சீனத் தொழிலாளரும் கொண்டுவந்த ஒவ்வொரு பூச்சிக்கும் வாலசு ஒரு காசு கொடுத்தார்.

போர்னியோத் தீவில் அவர் சேர்த்த வண்டு வகைகள் ஏறத்தாழ 2,000. அவற்றுள் நூறு நீங்கலாக ஏனையவெல்லாம் ஒரு சதுர மைல் அளவுள்ள அந்த ஒரே இடத்தில் கிடைத்தவை. நெடுங்கொம்பு வண்டுகள் மட்டும் ஏறக்குறைய 300 வகை. பத்தில் ஒன்பது பங்கு அறிவுலகிற்கே புதியவை. வாலசு மலாய்த் தீவுகளில் சேர்த்த நெடுங்கொம்பு வண்டுகளை 1860களில் பிரான்சிசு பாசுக்கோ என்பவர் ஆராய்ந்து பெயரிட்டார்.

ஒரு சதுர மைலில் 300 வகை என்பது எதைக் காட்டுகிறது? காட்டில் எத்தனை வகை மரங்கள் உண்டோ, அவற்றை மண்ணாக்குவதற்கும் அத்தனை வகைத் தொழிலாளர் தேவை என்பதையே காட்டுகிறது. ஒன்று பட்டையைத் தின்னும், ஒன்று கிளையை, ஒன்று அடிமரத்தை. அவை இட்ட துளைகளின் வழியே மழை நீரும் காளான் நூல்களும் உள்ளே புகும். பின்னர்க் கறையானும் எறும்பும் குடியேறும். புழுவைத் தேடி மரங்கொத்தி வந்து கொத்தும்; நீண்ட ஊசிபோன்ற உறுப்புடைய குளவி, மரத்தினுள்ளே கிடக்கும் புழுவின்மீது முட்டையிடும். பல்லாண்டுகள் கழிந்து அம்மரம் ஈரம் தாங்கும் கருமண் ஆகும். அம்மண்ணில் புதிய கன்று முளைக்கும்.

பகையாவது எப்போது?

அவ்வாறாயின், இவ்வண்டால் தீமையே இல்லையா? உண்டு. தோட்டத் தொழிலோடு இணைந்த தமிழர் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் குடகு, வயநாடு, மைசூர் மலைகளில் காட்டை அழித்துக் காப்பித் தோட்டங்கள் பரவின. 1860களில் அச்செடிகள் ஆயிரக்கணக்கில் வாடி முறிந்தன. காரணத்தை ஆராய்ந்த மருத்துவர் ஜார்ஜ் பிடி, தம் அறிக்கையை 1869இல் சென்னையில் வெளியிட்டார். குற்றவாளி, இன்று வெள்ளைத் தண்டு துளைப்பான் என்று வழங்கும் சிறிய நெடுங்கொம்பு வண்டு. நிழல் மரங்களை வெட்டியமையே அதன் பெருக்கத்திற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று எனக் கண்டு, நிழலை மீட்குமாறு அவர் அறிவுறுத்தினார். வெயில் படும் தண்டிலேயே அவ்வண்டு விரும்பி முட்டையிடுகிறது. இன்றும் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் நிழல் பேணுதல், தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்து நீக்குதல், தாக்குண்ட செடியைப் பிடுங்கி எரித்தல் ஆகியவையே அதற்கு முதன்மையான காப்பு.

மற்றொரு சான்று நடு இந்தியாவின் சால மரக்காடுகள். சால மரத்தின் வயிரத்தைத் துளைக்கும் நெடுங்கொம்பு வண்டு ஒன்று மலாயா வரை பரவி வாழ்கிறது. சாதாரணக் காலத்தில் அது நலிந்த மரங்களையும் சாய்ந்த மரங்களையும் மட்டுமே நாடும். 1920களிலும் 1990களின் பிற்பகுதியிலும் அது அளவின்றிப் பெருகி, உயிருள்ள மரங்களையும் பெருந்தொகையில் மடியச் செய்தது. அதைப் பிடிக்கும் முறை வியப்பானது. மழை தொடங்கியதும் புதிதாக வெட்டிய சாலக் கட்டைகளின் முனைகளை நசுக்கி வைப்பர். சாற்றின் மணத்தை முகர்ந்து வரும் வண்டுகள் அதைப் பருகி மயங்கிக் கிடக்கும். காட்டுவாழ் மக்கள் கையால் பொறுக்கி, எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவர்.

மூன்றாவது சான்று கடல் கடந்தது. சீனாவிற்கும் கொரியாவிற்கும் உரிய ஆசிய நெடுங்கொம்பு வண்டு, 1996இல் நியூயார்க்கு நகரத் தெருமரங்களில் காணப்பட்டது. சரக்கு அடைத்துவந்த மரப்பெட்டிகளுக்குள் புழுவாக ஒளிந்து அது பயணம் செய்தது. அங்கு அதற்கு இயற்கைப் பகைவர் இன்மையால் பல்லாயிரம் மரங்களை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. நாடு விட்டு நாடு செல்லும் சரக்கு அடைக்கும் மரத்தின் உட்பகுதியை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்குதல் முதலிய முறைகளை வகுத்து, 2002இல் உலகப் பொது விதி ஏற்பட்டது.

இம்மூன்று சான்றுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. நிழலும், பல வகை மரமும், இயற்கைப் பகைவரும் உள்ள இடத்தில் இவ்வண்டு தொழிலாளி. நிழல் நீங்கிய இடத்திலும், ஒரே வகைப் பயிர் நெருங்கிய இடத்திலும், தன் பகைவரற்ற அயல்நாட்டிலும் அது கொள்ளைக்காரன். இயல்பு மாறவில்லை, இடமே மாறியது.

தேயிலைத் தோட்டத்தார் இங்கு ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ளல் வேண்டும். தேயிலைத் தண்டைக் குடையும் சிவந்த புழுவைக் கண்டு இவ்வண்டின்மேல் பழி சுமத்துவோர் உளர். அச்சிவந்த புழு ஒருவகை அந்துப்பூச்சியின் பிள்ளை. அதற்குக் கால்கள் உண்டு. நெடுங்கொம்பு வண்டின் புழுவோ வெளிறியது, காலற்றது. ஆளறியாமல் தண்டிப்பது நீதியன்று.

மலையும் மண்ணும்

1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளரின் கைகள் இம்மலையில் தேயிலையை வளர்த்தன. பின்னர்க் காய்கறித் தோட்டங்களும், மலர்க் கூடாரங்களும், விடுதிகளும் பெருகின. காட்டின் எல்லை மேலும் மேலும் பின்வாங்கியது.

காடு நீங்கிய சரிவில் மண் நில்லாது. மழை அதை ஆற்றுக்குக் கொண்டுசெல்லும். பெர்த்தாம் ஆற்று நீர் சேரும் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் பல்லாண்டுகளாக வண்டல் படிந்து, அதன் கொள்ளளவு குறைந்துபோயிற்று. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் இருளில், பெருமழையால் நிரம்பிய சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயுள்ள லெம்பா பெர்த்தாமில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களைக் கொண்டன. அத்துயரை இப்பள்ளத்தாக்கு மறக்கவில்லை.

அந்த வெள்ளத்திற்கும் ஒரு வண்டுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்கலாம். நேர்த் தொடர்பு இல்லை. ஆயினும், மழை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல விடுவது காட்டின் தரையில் படிந்த மட்கும் கருமண்ணுமே. அக்கருமண், சாய்ந்த மரத்தை நெடுங்காலம் அரைத்த எண்ணற்ற சிற்றுயிர்களின் கைத்தொழில். மரத்தையும் எடுத்து, சாய்ந்த கட்டையையும் எடுத்து, கட்டையை மட்கச் செய்யும் உயிரையும் சட்டத்தில் அடைத்துவிட்டால், மலைக்கு மண் எங்கிருந்து வரும்?

ஆசிரியர் செய்யக்கூடியவை

இப்பாடத்திற்குப் பொருட்செலவு தேவையில்லை. பள்ளி வேலியோரம் சாய்ந்த கட்டை ஒன்றை எரிக்காமல் விட்டுவைத்தால் போதும். திங்களுக்கு ஒருமுறை மாணவர் அதைச் சென்று பார்த்து ஏட்டில் குறிக்கலாம். துளை வட்டமானதா, நீள்வட்டமானதா? விரல் நுழையுமா, குண்டூசி மட்டும் நுழையுமா? கொட்டிய தூள் மாவு போன்றதா, நார் போன்றதா? எந்தத் திங்களில் எந்தக் காளான் பூத்தது? ஓராண்டு ஏடு நிறைந்தால், அச்சிட்ட நூலில் இல்லாத பாடம் ஒன்று அம்மாணவர் கையில் இருக்கும்.

விளக்கடியில் வண்டு விழுந்தால், கொம்பைப் பிடித்துத் தூக்காமல் உடலின் இருபுறமும் மெல்லப் பற்ற வேண்டும். அதன் தாடை கடிக்க வல்லது. கொம்பை அளந்து, புள்ளிகளை எண்ணி, படம் வரைந்துகொண்டபின், விளக்கின் ஒளி படாத காட்டோர மரத்தில் விட்டுவிடலாம். சில்லறைக்கு விற்கும் வழக்கத்தை அதட்டலால் நிறுத்துவது கடினம். "இது ஓராண்டு இருளில் உழைத்தது, இன்னும் முட்டையிடவில்லை" என்று சொல்லிப் பார்த்தால், சிறுவர் கை தானே தளரும்.

மரப்பட்டையில் கால் பட்டதும் வண்டு தன் முனகலை நிறுத்தும். கொம்புகளை முன்னே நீட்டி, மணம் பிடித்து, மெல்ல மேலேறும். அடுத்த ஆண்டு மழையில் மற்றொரு வண்டு அதே விளக்குக்கு வருமா என்பது, இன்று நூலை அவிழ்த்த அச்சிறுவனின் கையையும், அக்காட்டோரத்தில் ஒரு கட்டை மிஞ்சியிருப்பதையும் பொறுத்தது.